நாற்பத்து நான்கு கால் பேருந்து

சொன்னப்பட்டியை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. அளக்க வந்த சர்வேயர், "இந்த ஊர் எங்கே வருது?" என்று கேட்டாராம். "எங்கேயும் வராதுங்க, இங்கேயேதான் இருக்கும்" என்று ஊரார் அடித்துச் சொன்னதும், மனிதர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மற்றபடி தங்கமான ஜனங்கள். வம்பு தும்புக்குப் போக மாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே கோளாறு அதுதான். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடுங்க" என்று டாக்டர் சொன்னால், தட்டுக்கு முன்னால் மாத்திரையைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். காய்ச்சல் மூன்று நாளில் தானாக இறங்கும். டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரே புகழும்.

ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் சொன்னப்பட்டியிலிருந்து அரை கிலோமீட்டர். ஒரே சாலை, வழியெல்லாம் புளியமர நிழல். கையை வீசி நடந்தால் பத்தே நிமிடம். ஆனால் யாரும் நடப்பதில்லை. ஊரில் பள்ளி போகும் பிள்ளைகள் இருபத்து இரண்டு பேர், வண்டிகளும் இருபத்து இரண்டு. இரட்டைப் பிள்ளை பெற்ற குருவம்மா வீட்டில் ஒருத்திக்கு டிராக்டர், இன்னொருத்திக்கு அதன் பின்னால் மாட்டும் டிரெய்லர். காலை எட்டரைக்கு எல்லாம் ஒன்றாகச் சாலையில் இறங்கும். பள்ளி வாசலுக்கு நேராகத்தான் நிறுத்துவேன் என்று ஒவ்வொருவரும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். முதல் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும்போது, கடைசி வண்டி இன்னும் சொந்த வீட்டு வாசலிலேயே நின்று பதிலுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கடைசி வண்டி தவசிமுத்துவின் மொபெட்.

தவசிமுத்து ஊரில் மாவு மில் வைத்திருந்தார். நாள் முழுவதும் மில் சத்தத்தில் இருந்து இருந்து, வீட்டில் யார் என்ன பேசினாலும் அவர் காதுக்குப் பாதிதான் வரும். அவருடைய ஒரே மகள் தேன்மலர் ஐந்தாம் வகுப்பு. கணீரென்ற குரல். பள்ளியில் காலைப் பிரேயரில் தினம் ஒரு பிள்ளை செய்தி வாசிக்கும். தேன்மலரின் முறை ஆடியில் ஒரு தடவை வந்தது, கார்த்திகையில் ஒரு தடவை வந்தது. இரண்டு தடவையும் வண்டி நெரிசலில் மாட்டி, அவள் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். வேறு யாரோ வாசித்துவிட்டார்கள். இப்போது மூன்றாவது முறை, இந்த வெள்ளிக்கிழமை. இதை விட்டால் கிடையாது. ஆண்டு முடிந்ததும் அவள் டவுன் பள்ளிக்குப் போய்விடுவாள்.

"அப்பா, இந்த வாட்டி நேரத்துக்குப் போயிருவோம்ல?" என்று அவள் கேட்டாள்.

"போயிருவோம் தாயி. நான் மில்லை அடைச்சிட்டு, வெளிச்சுவரு ஓரமா நின்னு உன் செய்தியை முழுசாக் கேக்கப் போறேன்" என்றார் தவசிமுத்து. மகள் குரலை அவர் முழுசாகக் கேட்டு வருஷக்கணக்காயிற்று.

அந்தத் திங்கட்கிழமை தலைமையாசிரியை மரியபுஷ்பம் டீச்சர் சொன்னப்பட்டிப் பெற்றோர்களைக் கூப்பிட்டனுப்பினார். பொறுமைசாலி. ஆனால் அன்று காலை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வண்டிகளுக்கு நடுவில் சிக்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தார்.

"இது சரிப்படாது. நாளையிலிருந்து எல்லாரும் நடந்துதான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வரணும்" என்றார்.

"அவ்வளவுதானே டீச்சர், செஞ்சிருவோம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். டீச்சருக்கு அப்போதே லேசாகப் பயம் வந்திருக்க வேண்டும். அவர் அந்தப் பள்ளிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சொன்னப்பட்டியே நடந்தது. பெற்றோர்கள் நடந்தார்கள். பிள்ளைகள் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஆளாளுக்குத் தன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்கள். யோசனை பரமசிவத்தின் காரை அவருடைய மச்சினர்கள் நாலு பேர் தள்ளினார்கள். ஊரில் எந்தச் சிக்கல் வந்தாலும் யோசனை சொல்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சிக்கல் அதற்குப் பிறகுதான் முழுசாகச் சிக்கும்.

"மாமா, பிள்ளைங்களும் நடக்கணுமோ?" என்று தவசிமுத்து மொபெட்டைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர் என்ன சொன்னாங்க? நடந்து கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க. கூட்டிக்கிட்டு வர்றது யாரு?"

"நாம."

"அப்ப நடக்க வேண்டியது யாரு?"

"நாமதான்" என்றார் தவசிமுத்து. பரமசிவத்தின் மூளையை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது.

டிராக்டர் மட்டும் ஏரிக்கரை மேட்டில் ஏற மறுத்துவிட்டது. அதைத் தாண்டி யாரும் போக முடியாமல், கடைசியில் எல்லாரும் சேர்ந்து அதைத் தள்ளி ஏற்றினார்கள். பதினோரு மணிக்கு, இருபத்து இரண்டு வண்டிகளும் வியர்த்து வடியும் பெற்றோர்களும் பள்ளி வாசலில் அடைத்துக்கொண்டு நின்றபோது, மரியபுஷ்பம் டீச்சர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"வண்டியே கூடாதுங்க! நாளைக்கு வண்டியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வாங்க!"

புதன்கிழமை விடிந்ததிலிருந்து சொன்னப்பட்டியில் ஒரே இடிபாடு. வண்டியை வீட்டுக்குள் வைக்க வேண்டும். மொபெட்காரர்களுக்குச் சிரமமில்லை. பரமசிவம் நிலைக்கதவைப் பெயர்த்துக் காரைக் கூடத்துக்குள் ஏற்றினார். குருவம்மாவின் புருஷன் பின்சுவரை இடித்து, டிராக்டரை அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்தினார். டிரெய்லர் பூஜை அறையை அடைத்துக்கொண்டது. எல்லாம் உள்ளே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பல வீடுகளில் வண்டிக்குப் பின்னால் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை வெளிய எடுத்தாதான் நாம வெளிய போக முடியும்" என்று குருவம்மா அடுப்படி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"வெளிய எடுத்தா டீச்சர் பேச்சை மீறின மாதிரி ஆகும் மதினி" என்று தவசிமுத்து எதிர் வீட்டிலிருந்து கத்தினார். மொபெட்டைத் தாண்டி அவர் வெளியே வரலாம்தான். ஆனால் 'பூட்டிட்டு' என்று சொன்னதால் உள்ளே இருந்தபடியே பூட்டியிருந்தார். சாவி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

ஒரு பிள்ளையும் வராததைப் பார்த்து மத்தியானம் மரியபுஷ்பம் டீச்சரே நடந்து ஊருக்கு வந்தார். வீடு வீடாக ஜன்னலில் முகங்கள் தெரிந்தன. "வணக்கம் டீச்சர்" என்று எல்லா ஜன்னல்களும் சொல்லின. டீச்சர் பூட்டை உடைக்கச் சொல்லி, சுவர் ஏறி இறங்கி, எல்லாரையும் ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்.

அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"நடக்கும் பேருந்துன்னு ஒண்ணு இருக்கு. பல ஊருல பண்றாங்க. வண்டி கிடையாது. பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா வரிசையா நடப்பாங்க. முன்னாடி ஒரு பெரியவர் டிரைவர். பின்னாடி ஒருத்தர் கண்டக்டர். எல்லாரும் ஒண்ணாப் பேசிக்கிட்டே வந்து சேர்ந்துடலாம். பஸ் மாதிரியே நேரத்துக்குக் கிளம்பணும், அவ்வளவுதான்."

"பஸ் மாதிரியேவா டீச்சர்?" என்றார் பரமசிவம்.

"ஆமா, பஸ் மாதிரியேதான்."

பாவம், சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. யார் டிரைவர் என்பது முதல் கேள்வி. வெள்ளிக்கிழமைக்கு மகளை நேரத்தில் சேர்க்க வேண்டிய தவிப்பில் தவசிமுத்து கையைத் தூக்கினார்.

"லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டார் ஒச்சப்பன். ஷேர் ஆட்டோக்காரர். முன்னொரு காலத்தில் மினி பஸ்ஸில் இரண்டு மாதம் கண்டக்டராக இருந்தவர் என்பதால் பஸ் சட்டம் முழுக்க அவர் கையில். அந்தக் காலத்து விசில் இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது.

"டூ வீலர் லைசன்ஸ் இருக்கு."

"அது போதாதேப்பா."

"ஏன் போதாது? எனக்கு இருக்கிறது ரெண்டு காலுதானே?"

"உனக்கு ரெண்டு. பஸ்ஸுக்கு? இருபத்தி ரெண்டு பிள்ளை, நாப்பத்தி நாலு காலு. இது கனரக வண்டி."

எல்லாரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நாப்பத்தி நாலு காலையும் தவசியா தூக்கி வைக்கப் போறான்? அவனவன் காலை அவனவன் ஓட்டுறான். தவசி அவன் காலை மட்டும் ஓட்டட்டும். டூ வீலர் லைசன்ஸ் செல்லும்."

"டிரைவர், கண்டக்டர் காலையும் சேத்தா நாப்பத்தெட்டு ஆச்சே அண்ணே?" என்றார் ஒச்சப்பன்.

"அது ஸ்டாஃப் காலு. கணக்குல வராது."

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடம் என்று எழுதிய அட்டையைத் தவசிமுத்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதுகுப் பக்கம் இன்னொரு அட்டை, அதில் சொன்னப்பட்டி. புது வண்டி ஆயிற்றே, பூஜை போடாமல் எடுக்கலாமா? குருவம்மா தன் வீட்டு மரத்திலிருந்து கூடை நிறைய எலுமிச்சம்பழம் பறித்து வந்து, பிள்ளைக்கு இரண்டு என்று நாற்பத்து நான்கு காலுக்கு அடியிலும் வைத்தாள். பிள்ளைகள் நெற்றியில் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்தார்கள். ஒச்சப்பன் இரண்டு விசில் அடித்தார். நாற்பத்து நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. பேருந்து கமகமவென்று கிளம்பியது.

கொஞ்ச தூரம் பிரமாதமாகப் போயிற்று. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இரண்டு இரண்டு பேராக நடந்ததால் எல்லாருக்குமே ஜன்னலோர சீட். தேன்மலர் முதல் வரிசையில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் செய்தியை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தோட்டத்தில் ஒரு பெண் காக்காய் விரட்டக் கையை ஆட்டினாள். யாரோ கை காட்டுகிறார்கள் என்று பஸ் நின்றது. "ஏறுறீங்களா இல்லையாம்மா? டயமாகுது!" என்று ஒச்சப்பன் எரிந்து விழுந்தார். அவள் காக்காயை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

நாலாவது புளியமரத்தடியில் குருவம்மாவின் இரட்டையரில் மூத்தவளுக்குக் காலில் முள் குத்திவிட்டது.

"பஞ்சர்!" என்றார் ஒச்சப்பன். ஒற்றை விசில். பஸ் நின்றது. "எல்லாரும் இறங்குங்க, இறங்குங்க. பஞ்சர் பாக்கும்போது வண்டியில ஆள் இருக்கக் கூடாது."

பிள்ளைகள் ஒழுங்காக ஒவ்வொருவராக இறங்கி மர நிழலில் போய் நின்றார்கள். தவசிமுத்துவும் இறங்கினார். ஒச்சப்பன் முள்ளை எடுத்து, எச்சில் தடவி, ஊதிவிட்டார். வேலை முடிந்தது. திரும்பிப் பார்த்தால் சாலை வெறிச்சென்று கிடந்தது.

"தவசி," என்றார் ஒச்சப்பன் மெதுவாக, "பஸ் எங்கய்யா?"

தவசிமுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "இப்பதான இங்க நின்னுச்சு?"

"ஹேண்ட் பிரேக் போட்டியா?"

"ஐயையோ, போடலையே!"

உருண்டு போயிருக்கும் என்று சரிவுப் பக்கம் ஓடினார்கள். ஏரிக்குள் இறங்கிவிட்டதோ என்று முழங்கால் தண்ணீரில் துழாவினார்கள். ஆள் விட்டு ஊரிலிருந்து பரமசிவத்தைக் கூட்டி வந்தார்கள். அவர் சாலையில் குனிந்து நசுங்கிய எலுமிச்சைத் தடத்தை முகர்ந்து பார்த்து, "பஸ் இதுவரைக்கும் வந்திருக்கு. இதுக்கு மேல போகல" என்று தீர்மானமாகச் சொன்னார். அப்படியானால் திருட்டுத்தான். வழியில் போன பால்காரரை நிறுத்தி விசாரித்தார்கள்.

"என்ன கலரு பஸ்ஸு?" என்று கேட்டார் பால்காரர்.

"மேல வெள்ளை, கீழ நீலம். இருபத்தி ரெண்டு சீட்டு. முன்பக்கம் ரெட்டை ஜடை போட்டிருக்கும்."

பால்காரர் சைக்கிளை மிதித்துவிட்டார். அவர் போன வேகத்தைப் பார்த்து ஒச்சப்பனுக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது.

தேடித் தேடிக் களைத்துப்போன பரமசிவம் கடைசியில், "பஸ் இருந்தாத்தான் ஏற முடியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஏறிப் பாப்போமே" என்றார். பிள்ளைகள் சாலையில் இரண்டு இரண்டு பேராக வந்து நின்றார்கள். ஒச்சப்பன் பின்னால் நின்றார், தவசிமுத்து முன்னால் நின்றார். பார்த்தால் பஸ்! அதே இடத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல்! ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மணி மூன்றரை ஆகியிருந்தது. திரும்பும் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்பதால் தவசிமுத்து முன் அட்டையையும் பின் அட்டையையும் மாற்றி மாட்டிக்கொண்டார். பஸ் ஊர் திரும்பியது.

அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, வழியில் யாரும் இறங்கக் கூடாது. இரண்டு, எல்லாரும் ஒட்டுமொத்தமாக எப்போதுமே இறங்கக் கூடாது. ஒருவராவது பஸ்ஸிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி காணாமல் போய்விடும்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைப்பா" என்றாள் தேன்மலர். தவசிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு பஸ் புறப்பட்டது. தவசிமுத்து யார் கை காட்டியும் நிறுத்தவில்லை. முள் இருக்கும் இடத்தையெல்லாம் முந்தின நாளே பெருக்கி வைத்திருந்தார்கள். எட்டு ஐம்பதுக்குப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. பிரேயருக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தவசிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசலில் மரியபுஷ்பம் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வண்டி இல்லை, ஒரு ஹாரன் இல்லை. இருபத்து இரண்டு பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு அழகாக வரிசையில் நடந்து வருவதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து, "வாங்க, வாங்க" என்றார்.

பஸ் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். வாசல் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. மாட்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று. தினமும் வண்டிகள் அதை மறைத்து நின்றதால் சொன்னப்பட்டிக்காரர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. இன்றுதான் வண்டி இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது: 'வாசலில் வண்டிகளை நிறுத்தாதீர். மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்.'

"ஒச்சப்பண்ணே, போர்டைப் பாத்தீங்களா?" என்று தவசிமுத்து நடந்துகொண்டே பின்னால் கத்தினார்.

"பாத்தேன், பாத்தேன்! நிறுத்திராத! காத்தைப் பிடுங்கிருவாங்க!"

"நம்ம வண்டியில டயரே இல்லையே, காத்து எங்க இருக்கு?"

ஒச்சப்பன் யோசித்தார். "பிள்ளைங்க மூக்குல!"

தவசிமுத்து நடையை எட்டிப் போட்டார். பஸ் பள்ளிக்கூடத்து மதில் சுவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தது.

"எங்க போறீங்க?" என்று டீச்சர் கத்தினார்.

"வந்துக்கிட்டே இருக்கோம் டீச்சர்!"

"நில்லுங்க!"

"நிக்கக் கூடாது டீச்சர்! நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க!"

பஸ் இரண்டாவது வட்டத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது வட்டத்தில் மணி அடித்தது. நான்காவது வட்டத்தில் பிரேயர் பாட்டுத் தொடங்கியது. தவசிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பத்து நிமிட வழியை நாலு நாளாக நடந்து, வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டு, மகளை உள்ளே விட முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறோமே என்று ஆற்றாமையாக இருந்தது. ஆனால் அழுதால் முன்னால் பாதை தெரியாது. டிரைவர் அழக் கூடாது.

"தேனு," என்றார் திரும்பாமலே, "குதிச்சு இறங்கிக்கிறியா?"

"ஓடுற பஸ்ஸுல இருந்து இறங்கக் கூடாது!" என்று பின்னாலிருந்து விசில் பறந்தது.

"இறங்க வேண்டாம்பா" என்றாள் தேன்மலர். அவளும் சொன்னப்பட்டிக் குழந்தைதானே. "நான் இங்கேயே வாசிக்கிறேன். பஸ்ல செய்தி வாசிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே."

உள்ளே பிரேயர் பாட்டு முடிந்தது. "செய்தி வாசிப்பவர், ஐந்தாம் வகுப்பு தேன்மலர்" என்று ஒரு பிள்ளை பெயர்ப் பட்டியலைப் பார்த்து அறிவித்தது. மேடை காலியாக இருந்தது. அப்போது கிழக்குச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகள்."

மற்ற நாளாக இருந்தால் ஹாரன் சத்தத்தில் மேடையில் மைக் வைத்து வாசித்தாலே பாதிதான் கேட்கும். இன்று சாலையில் ஒரு வண்டி இல்லை. ஒவ்வொரு எழுத்தும் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. இருநூறு பிள்ளைகளும் கிழக்கே திரும்பினார்கள். மாவட்டச் செய்திகள் கிழக்குச் சுவர் நெடுக வந்தன. விளையாட்டுச் செய்திகள் தெற்கே திரும்பின. பிள்ளைகளும் தெற்கே திரும்பினார்கள். கபடிப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது தெற்கு மூலையில் தெரிந்தது. வானிலை அறிக்கை மேற்கே, கழிப்பறைக்குப் பின்னாலிருந்து வந்தது: "அடுத்த இரண்டு நாள்களுக்கு லேசான மழை பெய்யக்கூடும்." பிள்ளைகள் கழிப்பறையைப் பார்த்து மரியாதையாக நின்றார்கள். பஸ் வடக்குச் சுவரைத் தாண்டி வாசலுக்கு வரும்போது, "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. நன்றி, வணக்கம்" என்று முடிந்தது. மைதானமே கை தட்டியது.

தவசிமுத்து ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார். மில் சத்தம் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை; மகள் குரல் இரண்டடி தூரத்தில், பிடரிக்குப் பின்னால். இவ்வளவு அருகில் நின்று கேட்கக் கிடைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இதற்குமேல் அவரால் முடியவில்லை. டிரைவர் அழுதுகொண்டே பஸ்ஸை ஓட்டினார்.

மரியபுஷ்பம் டீச்சர் இதற்குள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்து பலகைக்குக் கீழே ஒரு வரி எழுதி முடித்திருந்தார்: 'நடக்கும் பேருந்துக்கு மட்டும் காற்று பிடுங்கப்பட மாட்டாது.' அடுத்த வட்டத்தில் தவசிமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒச்சப்பன் ஒற்றை விசில் அடித்தார். பஸ் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி உள்ளே போனார்கள். தேன்மலரை டீச்சர் வாசலிலேயே கட்டிக்கொண்டார்.

ஒச்சப்பன் டீ குடிக்கப் போய்விட்டார். தவசிமுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நீங்க வீட்டுக்குப் போகலையா?" என்று டீச்சர் கேட்டார்.

"பஸ்ஸை விட்டுட்டா டீச்சர்? நானும் இறங்கிட்டா காணாமப் போயிருமே. நேத்தே அப்படித்தான் போச்சு."

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். இந்த வாரம் தான் சொன்னதெல்லாம் என்னென்ன ஆயிற்று என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய், ஒரு ஸ்டூலை மட்டும் கொடுத்தனுப்பினார். தவசிமுத்து அட்டையைக் கழற்றாமல் அதில் உட்கார்ந்தார். டிரைவர் சீட் வசதியாகத்தான் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் ஏரிக்கரைக்காரப் பெரியம்மா ஒருத்தி, கக்கத்தில் கூடையோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்ப்பா, எப்ப எடுப்ப? இது சந்தைக்குப் போகுமா?"

"போகாதுங்க பெரியம்மா, இது பள்ளிக்கூட வண்டி. சந்தை வண்டி பின்னால வருது."

"இதை ஏறும்போதே சொல்ல மாட்டியா?" என்று முணுமுணுத்தபடி பெரியம்மா கவனமாக இடது காலை முதலில் வைத்து இறங்கிக்கொண்டாள்.

சொன்னபடியே சந்தை வண்டி வந்தது. கழுத்தில் அட்டையோடு குருவம்மா முன்னால் நடக்க, பின்னால் இரண்டு இரண்டு பேராகப் பத்துப் பெண்கள் தலையில் காய்கறிக் கூடையோடு வந்தார்கள். பெரியம்மா ஓடிப் போய்க் கை காட்டினாள். குருவம்மா நடையைக்கூடத் தளர்த்தவில்லை.

"நிக்கக்கூட இடமில்ல தாயி! அடுத்த வண்டியில வாங்க!"

புழுதியைக் கிளப்பிக்கொண்டு சந்தை வண்டி போய்விட்டது. பெரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாலு திட்டுத் திட்டி, சுவர் நிழலில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வண்டி மூணு மணிக்குத்தான்" என்றார் தவசிமுத்து. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அதுவரைக்கும் இன்னைக்குச் செய்தி கேக்குறீங்களா? எங்க பொண்ணு வாசிச்சது."

பெரியம்மா தலையை ஆட்டினாள். தவசிமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்து, அட்டையை நேராக்கிக்கொண்டு, கிழக்கே திரும்பி நின்று, "வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகள்" என்று தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. விளையாட்டுச் செய்திக்குத் தெற்கே திரும்பினார். வானிலை அறிக்கைக்கு மறக்காமல் கழிப்பறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.